வெயில் வியாபாரம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வெயிலுக்கு இருக்கும் மரியாதை வீட்டு எஜமானருக்குக்கூடக் கிடையாது. விடியுமுன் எழுந்து கூழ் கிளறி, மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்து, வடாம் பிழிந்து, காக்கை வராமலிருக்க ஒரு கறுப்புக் குடையைக் காவல் வைத்துவிட்டு இறங்கி வருகிறீர்கள். மாலைக்குள் வடாம் கலகலவென்று காய்ந்துவிடுகிறது. அந்த வெயிலுக்காக யாராவது உங்களுக்குப் பில் அனுப்பியதுண்டா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் எங்கள் எதிர் வீட்டு மாமி. அவர் வீட்டு மாடியில் சோலார் பேனல் பொருத்தித் தருவதாக ஓர் இளைஞர் வந்து, வழவழப்பான காகிதத்தில் விலைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாமி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கடைசி வரி வரையில் படித்தார். பிறகு காகிதமும் கையுமாக என்னிடம் வந்தார்.

"பத்திரிகையில் எழுதுகிறாயே, நீ சொல்லு. வெயில் சும்மா கிடைக்கிறது. அதிலிருந்து எடுக்கிற மின்சாரத்துக்கு மட்டும் இத்தனை பணம் எதற்கு? நாடெங்கும் ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்களாமே, அவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்களா, அசடுகளா?"

"இரண்டு பேரும் இருக்கிறார்கள், மாமி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவே இந்த வெயில் வியாபாரத்தின் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலும் அந்த இளைஞர் வந்து நிற்கலாம் அல்லவா?

ஆசை பிறந்த கதை

வெயிலை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் தகட்டை 1954ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் உலகத்துக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். விலையைக் கேட்டதும் கைதட்டலை நிறுத்திவிட்டார்கள்! தங்கத்தை உருக்கி மின்சாரம் எடுப்பதுபோல் அவ்வளவு செலவு. ஆகவே வெகு காலம் அது வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களுக்கே உரிய சாமானாக இருந்தது.

அந்த நிலைமையை மாற்றியவை இரண்டு தேசங்கள். 2000ஆம் வருஷம் ஜெர்மனி ஒரு சட்டம் செய்தது. மாடியிலோ வயலிலோ யார் சூரிய மின்சாரம் உண்டாக்கினாலும் இருபது வருஷத்துக்கு நிச்சயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சட்டம். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் சீனா பிரம்மாண்டமான தொழிற்சாலைகளைக் கட்டித் தகடுகளை அப்பளம் இடுவதுபோல் இட்டுத் தள்ளிற்று. விலை சரிந்தது.

நம் தேசம் 2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது அப்போதைய இலக்கு. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். மாமியின் மாடிக்கு அந்த இளைஞர் சொன்னது மூன்று கிலோவாட். ஆகவே சுமார் முந்நூற்று முப்பது மாடிகள் சேர்ந்தால் ஒரு மெகாவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் இலக்கை ஒரே தாவலாக ஒரு லட்சம் மெகாவாட்டுக்கு உயர்த்தினார்கள். 2022 முடியும்போது அறுபதாயிரத்துச் சொச்சம்தான் தேறிற்று. ஆனாலும் வேகம் நிற்கவில்லை. 2025 ஜனவரியில் நாடு அந்த ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

முதலாளிகள் இவ்வளவு ஆசையுடன் ஓடி வருவானேன்? காரணங்கள் வெளிப்படையானவை. வருஷத்தில் சுமார் முந்நூறு நாள் நல்ல வெயில் அடிக்கிற தேசம் இது. மின் விசிறியோடு திருப்தியடைந்திருந்த வீடுகள் இப்போது குளிர்பதனப் பெட்டி, சலவை யந்திரம், ஏ.ஸி. என்று வளர்ந்துகொண்டே போகின்றன. நிலக்கரி வெட்ட வேண்டும், ரயிலில் ஏற்ற வேண்டும், போதாததற்குக் கப்பலிலும் தருவிக்க வேண்டும், புகை வேறு. அதோடு, மின்சார வாரியங்கள் தாங்கள் வாங்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு சூரியன், காற்று முதலியவற்றிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்று சட்டமும் கட்டாயப்படுத்துகிறது. வெயிலும் உண்டு, வாங்க ஆளும் உண்டு, தகட்டின் விலையும் இறங்கிவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

தள்ளிக் கேட்ட சீட்டு

எந்தக் கம்பெனி மின்சாரம் உண்டாக்குவது என்பதை ஏலத்தில் முடிவு செய்கிறார்கள். ஆனால் இது ஏறுகிற ஏலம் அல்ல, இறங்குகிற ஏலம். நம் ஏலச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. அதுபோல, "யூனிட்டுக்கு இவ்வளவு காசு போதும், இருபத்தைந்து வருஷத்துக்கு இதே விலைக்குத் தருகிறேன்" என்று யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத் திட்டம்.

2010இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரம் ஒரு யூனிட்டுக்குக் கணக்கிட்ட விலை 17 ரூபாய் 91 காசு. அந்த வருஷம் டிசம்பரில் நடந்த முதல் ஏலத்திலேயே ஒருவர் 10 ரூபாய் 95 காசுக்கு இறங்கினார். 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் பாட்லா என்னுமிடத்தில் விலை 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு! காய்கறி விலை இப்படி இறங்கினால் நாம் தினம் கல்யாணச் சமையல் செய்யமாட்டோமா?

ஆனால் சீட்டை அதிகமாகத் தள்ளி எடுத்தவர்களின் கதி என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2015 நவம்பரில் ஆந்திராவில் 500 மெகாவாட்டுக்கு ஏலம் நடந்தது. ஸன் எடிஸன் என்ற அமெரிக்கக் கம்பெனி 4 ரூபாய் 63 காசுக்குக் கேட்டு எல்லாரையும் மூக்கில் விரல் வைக்கச் செய்தது. ஐந்து மாதம் சென்றது. 2016 ஏப்ரலில் அதே கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்துவிட்டது. உலகமெங்கும் கடன் வாங்கிக் கடன் வாங்கித் திட்டங்களைச் சேர்த்ததன் பலன். அதன் இந்தியச் சொத்துக்கள் பிறகு வேறு கம்பெனிக்குக் கைமாறின.

அரிசி மூட்டையும் அன்றாடக் காய்கறியும்

இங்கேதான் மாமியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நிலக்கரி மின்சாரம் அன்றாடம் காய்கறி வாங்கிச் சமைப்பதைப் போன்றது. அடுப்பு எரியும் வரையில் தினமும் செலவு. சூரிய மின்சாரம் அப்படியல்ல. இருபத்தைந்து வருஷத்துக்கு வேண்டிய அரிசியை ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவதைப் போன்றது. நிலம், தகடு, கம்பி, கம்பம் எல்லாவற்றுக்கும் முதல் நாளே பணத்தைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் துடைத்துச் சுத்தம் செய்வதும் காவல் காப்பதும்தான் செலவு.

முதல் நாள் கொட்டும் பணம் யாருடையது? நூறு ரூபாயில் எழுபது ரூபாய்க்குமேல் கடன். ஆகவே சூரிய மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் வட்டிதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் ரூபாய் கடன், இருபது வருஷத் தவணை. நூற்றுக்கு எட்டு வட்டியானால் வருஷந்தோறும் சுமார் 10,200 ரூபாய் கட்ட வேண்டும். கடன் கொடுப்பவருக்குச் சந்தேகம் வந்து, "எனக்கு நூற்றுக்குப் பதினொன்று வேண்டும்" என்று சொன்னால், வருஷத்துக்கு சுமார் 12,550 ரூபாய். இருபது வருஷத்தில் ஏறக்குறைய 47,000 ரூபாய் அதிகம்! வெயில் அதே வெயில். தகடும் அதே தகடு. இடையில் நுழைந்தது சந்தேகம் ஒன்றுதான்; அதற்கு 47,000 ரூபாய் விலை.

அப்படியானால் வெயில் வியாபாரத்தில் உண்மையான மூலப் பொருள் எது? நம்பிக்கை. வாங்குபவர் இருபத்தைந்து வருஷம் சொன்ன சொல் தவறாமல் பணம் கொடுப்பாரா என்ற ஒரு கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் மின்சார பில்லில் ரூபாய் ஏறுவதும் இறங்குவதும்.

சொல் காத்த ஊரும் சொல் மாறிய ஊரும்

இதற்கு இரண்டு ஊர்க் கதைகள் உண்டு. முதல் கதை மத்தியப் பிரதேசத்து ரேவா. 750 மெகாவாட் திட்டம். அங்கே ஏலம் நடத்துமுன் சர்க்காரே நிலத்தை ஏற்பாடு செய்தது. மின்சாரத்தை எடுத்துச் செல்லும் வழிக்கும் ஏற்பாடு ஆயிற்று. பணம் வரத் தாமதமானால் உடனே எடுத்துக் கொடுக்க நிதி ஒன்று வைத்தார்கள். அதற்குமேல் மாநில அரசாங்கமும் ஜாமீன் கையெழுத்துப் போட்டது. தில்லி மெட்ரோ ரயில் ஒரு பங்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முன்வந்தது. 2017 பிப்ரவரியில் ஏலம் நடந்தது. அதற்கு முன்பு நாட்டில் ஏற்பட்டிருந்த குறைந்த விலை 4 ரூபாய் 34 காசு. ரேவாவில் முதல் வருஷ விலை 2 ரூபாய் 97 காசாக இறங்கிற்று. ரேவாவின் சூரியன் ராஜஸ்தானத்துச் சூரியனைவிட உக்கிரமானவனல்ல. தகடு மலிந்துகொண்டு வந்தது வாஸ்தவம்தான். ஆனாலும் ஒரேயடியாக இவ்வளவு இறங்கியதற்குப் பெரிய காரணம், பணம் வந்து சேரும் என்ற தைரியம்.

இரண்டாவது கதை ஆந்திரா. 2019இல் அங்கே புதிய ஆட்சி வந்தது. முன்பு கையெழுத்தான ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே சூரிய மின்சாரம் இரண்டரை ரூபாய்க்கு வந்திருக்க, நாம் அதைவிட மிக அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று வயிறு எரிந்தது. ஜூலை மாதம், விலையைக் குறைத்துப் பேச ஒரு கமிட்டி போட்டார்கள். கம்பெனிகள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடின.

அந்த ஆத்திரம் நியாயமானதுதான் என்று நமக்கும் தோன்றும். தீபாவளிக்கு எடுத்த புடவை, பொங்கலுக்குத் தள்ளுபடியில் பாதி விலைக்குத் தொங்கினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? மாநில மின்சாரக் கம்பெனிகளோ கடனில் மூழ்கியிருந்தன. ஆனால் கடைக்காரரிடம் போய், "பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்க முடியுமா? 2019 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசு கொடுக்கச் சொல்லிற்று. வழக்கு நீண்டது. 2022 மார்ச்சில் டிவிஷன் பெஞ்சு, ஒப்பந்தத்தில் கண்ட விலையையே கொடுக்க வேண்டும், பாக்கியை ஆறு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இடையில் இரண்டரை வருஷம். பாங்கிக்காரர் அந்த இரண்டரை வருஷத்தை மறப்பாரா? அடுத்த மாநிலத்துத் திட்டத்துக்குக் கடன் கொடுக்கும்போதும் அவர் ஞாபகத்தில் ஆந்திரா வரத்தான் செய்யும். ஒரு வீட்டுச் சம்பந்தத்தில் வார்த்தை பிசகினால், அந்தத் தெருவிலேயே பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் அல்லவா?

இந்த நோய்க்கு மருந்தாக, 2022 ஜூனில் மத்திய அரசாங்கம் விதி ஒன்று செய்தது. மின்சாரக் கம்பெனிகள் பழைய பாக்கிகளை அதிகபட்சம் 48 மாதத் தவணையில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவதற்கே கட்டுப்பாடு வரும். நிலைமை கொஞ்சம் சீரடைந்தது.

மற்ற கண்டங்கள்

பணம் தவிர வேறு கண்டங்களும் இந்த ஜாதகத்தில் உண்டு.

டாலர் ஒன்று. பல கம்பெனிகள் டாலரில் கடன் வாங்குகின்றன, வருமானமோ ரூபாயில். 2010இல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2024 டிசம்பரில் 85 ரூபாய். சுங்க வரி இன்னொன்று. உள்நாட்டில் தகடு செய்பவர்களைக் காப்பாற்ற, 2022 ஏப்ரல் முதல் வெளிநாட்டுத் தகடுகளுக்கு நூற்றுக்கு நாற்பது வரி போட்டார்கள். நம் ஊரில் தொழிற்சாலை பெருகுவது நல்லதுதான். ஆனால் பழைய விலையை நம்பி ஏலம் எடுத்தவர் நிலை திண்டாட்டம்தான்.

கம்பி மூன்றாவது. தகடு பதிக்க ஒரு வருஷம் போதும். மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும். அதில் ஒரு பறவையின் கதையும் சிக்கிக்கொண்டிருக்கிறது. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் வாழும் கானமயில், உடல் பருத்த பறவை. நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பறக்கும்போது கம்பியில் மோதிச் சாகிறது. மிஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு என்கிறார்கள். 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பிரதேசத்தில் கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்க உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது சாத்தியமல்ல என்று முறையிட்டதன்மேல், 2024 மார்ச்சில் உத்தரவை மாற்றி ஒரு நிபுணர் குழுவை நியமித்தது. புகையில்லாத மின்சாரம் வேண்டும். வாயில்லாத பறவையும் வாழ வேண்டும். இரண்டும் நியாயமே.

நான்காவது, நேரம். சூரியன் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் வழிகிறது. நாம் விளக்கைப் போட்டு, குழம்பைக் கொதிக்க வைத்து, டெலிவிஷனைத் திருப்பும் ஏழு மணிக்கு அவன் அஸ்தமித்துவிடுகிறான்! பகலில் மிஞ்சும்போது, "இப்போது வேண்டாம், நிறுத்து" என்று மின்சார வாரியம் சொல்வதுண்டு. விற்காத மின்சாரத்துக்குக் காசு கிடையாது. தமிழ்நாட்டில் இவ்வாறு நிறுத்தியதைப் பற்றிய வழக்கில், தக்க காரணமின்றி நிறுத்தியதற்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிற்று. பகலை இரவுக்குச் சேமித்து வைக்கும் பாட்டரிகள் இப்போது புதிய டெண்டர்களில் இடம்பெற ஆரம்பித்திருக்கின்றன. ஆனாலும் 2025இல், ஏலம் முடிந்தும் வாங்குவதற்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல், சூரியன், காற்று முதலியவற்றைச் சேர்ந்த 40,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள் மாலையும் கையுமாகக் காத்திருந்தன.

பாவகடாவில் யாருக்கு நிழல்?

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் நிலம். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். நம் ராமநாதபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி கேட்காத உத்தியோகஸ்தரைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தச் சீமை. அங்கே கமுதியில் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அப்போது ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் உலகத்திலேயே பெரியவற்றுள் அது ஒன்று. புழுதி படிந்தால் மின்சாரம் குறையும். கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? யந்திர மனிதனைக்கொண்டு தகடுகளைத் துடைத்தார்கள். தண்ணீர் இல்லாத குறையே அந்த மண்ணுக்கு அதிருஷ்டமாயிற்று.

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்திலுள்ள பாவகடாவும் வறட்சிக்குப் பேர் போனது. சனீசுவரன் கோயிலுக்கும் பேர் போன ஊர். சனீசுவரன் யார்? சூரியனுடைய பிள்ளை. பிள்ளை குடியிருக்கும் ஊரில் தகப்பனாரையும் குடியேற்றிவிட்டார்கள். ஐந்து கிராமங்கள், சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். 2019 டிசம்பரில் வேலை முழுவதும் முடிந்தது.

அங்கே செய்த ஏற்பாட்டில் விசேஷம் ஒன்று உண்டு. நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நூற்றுக்கு ஐந்து உயர்வு. நிலக்கடலை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவருக்கு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருமானம். நிலமும் கையை விட்டுப் போகவில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது? பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. அந்த வயல்களில் களை எடுத்து, கடலை பறித்து, அன்றாடக் கூலி வாங்கிக்கொண்டிருந்த பெண்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் கிடையாது. வயல் போனதும் அவர்கள் வேலையும் போயிற்று. ஆடு மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் போயிற்று. தகடு துடைக்கவும் புல் வெட்டவும் காவல் காக்கவும் சிலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் சூரியத் தகடு அதிக ஆட்களைக் கேட்கிற முதலாளி அல்ல. மற்றவர்கள் வெளியூருக்குக் கூலி தேடிப் போனார்கள்.

திட்டத்தின் அபாயங்களைக் கணக்கெடுக்கும் பாங்கிக்காரர் டாலரைப் பார்க்கிறார், வரியைப் பார்க்கிறார், மழை மேகத்தைக்கூடப் பார்க்கிறார். தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மூட்டையுடன் பஸ் ஏறும் அந்த அம்மாளும் ஒரு நஷ்டக் கணக்குத்தான் என்று எழுத அவருடைய ஏட்டில் பத்தி இல்லை. ஆனால் ஊர் ஒருநாள் கோபித்துக்கொண்டால் திட்டமும் நிற்கும். அடுத்த ஊர் நிலம் கொடுக்க மறுக்கும். ஆகவே கூலிக்காரர்களுக்கும் ஒரு வழி செய்வது தரும காரியம் மட்டுமல்ல; வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது. நிலத்துக்குச் சொல்லிய சொல்லைப்போல, அதில் உழைத்தவருக்கும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

மாமியின் மாடி

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மாமி, "அதெல்லாம் பெரிய இடத்து விஷயம். என் மாடிக்கு என்ன சொல்கிறாய்?" என்றார்.

பெரிய இடத்து விஷயம்தான் சின்ன அளவில் மாமியின் மாடியிலும் நடக்கப்போகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் ஒரு கோடி வீட்டு மாடிகளில் சோலார் அமைக்கத் திட்டம் போட்டது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் ஆனால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் தினம் சராசரி நாலு யூனிட் கிடைக்கும். இங்கேயும் முழுச் செலவும் முதல் நாளே. இங்கேயும் பலன் வருவது இருபத்தைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஆகிறது? இலவச யூனிட்டோடு அடங்கிவிடும் சிக்கனக் குடும்பத்துக்கு இதில் லாபம் கொஞ்சம்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலோ தகட்டின்மேல் விழுமா? ஒரு மூலையில் விழும் நிழல்கூட மின்சாரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். கரண்ட் போனால் இது எரியுமா? பாட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு. பிறகு இருட்டில் உட்கார்ந்து வருத்தப்படுபவர்களும் உண்டு.

மாமி இவற்றையெல்லாம் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் அந்த இளைஞர் வந்தார். நானும் கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாமி யூனிட் கணக்கையும் நிழலையும் கரண்ட் போகும் விஷயத்தையும் வரிசையாகக் கேட்டார். இளைஞரும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் மாமி என் காகிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரி, தம்பி. ஐந்து வருஷம் பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று போட்டிருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து இந்த போன் நம்பரில் கூப்பிட்டால் நீ எடுப்பாயா?"

இளைஞர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கம்பெனியின் விலாசத்தையும், இதே தெருவட்டாரத்தில் அவர்கள் மூன்று வருஷத்துக்கு முன்பு அமைத்துக் கொடுத்த இரண்டு வீடுகளின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

ரேவாவில் பாங்கிக்காரர்கள் கேட்டதும், ஆந்திராவில் நீதிமன்றம் வரையில் போனதும், பாவகடாவில் கூலிக்காரப் பெண்கள் கேட்க வழியில்லாமல் போனதும் இந்த ஒரே கேள்விதான்: "சொன்ன சொல் நாளைக்கும் நிற்குமா?"

மாமி அந்த இரண்டு வீடுகளுக்கும் தாமே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. மாடியின் கிழக்கு மூலையில் எட்டடிக்கு எட்டடி இடத்தைத் தகடு வைக்காமல் விட்டுவிட வேண்டும்.

"அங்கேதான் வெயில் நன்றாக விழுகிறது, அம்மா" என்றார் இளைஞர் வருத்தத்துடன்.

"அதனால்தான் கேட்கிறேன். வடாம் எங்கே காயப் போடுவதாம்?" என்றார் மாமி.